வந்தவர் பாடிய ஊர்: திருக்கோவலூரும் உலகமும்

தியாகதுருகத்து மலைக்கோட்டையைப் பார்க்கிற எவருக்கும், இந்தப் பிரதேசத்திற்கும் வெளிநாட்டாருக்கும் ஏற்பட்ட சம்பந்தம் பீரங்கியினால் ஏற்பட்டது என்றே தோன்றும். கர்நாடக யுத்தங்களின் காலத்தில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தப் பாறைக்காக மாறி மாறிப் போரிட்டார்கள். 1760-ஆம் ஆண்டில், புதுச்சேரியை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நெருக்கடியில், ஹைதர் அலியின் உதவிக்கு விலையாகப் பிரெஞ்சுக்காரர் இந்தக் கோட்டையையே அவர் வசம் ஒப்புவித்தார்கள். அந்த விருத்தாந்தமெல்லாம் இன்று இடிந்த மதிலாகவும் புதர் மண்டிய படியாகவும் எஞ்சி நிற்கிறது. ஆனால் அதே தியாகதுருகத்திலிருந்து வடகிழக்கே, ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிற திருக்கோவலூருக்குப் போனால், பீரங்கிக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியதும், இன்றளவும் அறுந்து போகாததுமான வேறொரு சம்பந்தத்தைக் காணலாம். அது பாட்டினால் ஏற்பட்ட சம்பந்தம்.

திருக்கோவிலூர் என்று இப்போது வழங்கும் அந்த ஊர், 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியது. அங்கே கபிலர் வந்தார். முதலாழ்வார் மூவர் வந்தனர். மதுரையிலிருந்து ஓடிவந்த ஒரு பள்ளிச் சிறுவர் ஓரிரவு தங்கினார். பிரான்ஸ் தேசத்துத் துறவி ஒருவர் வந்து ஒரு குருவின் அடியில் அமர்ந்தார். ஓர் ஊருக்கு இலக்கியப் பெருமை எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு இந்த ஊர் சொல்லும் விடை சற்று விசேஷமானது.

இலக்கிய நகரம் என்ற பட்டம்

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, 2004-ஆம் ஆண்டில் படைப்பாக்க நகரங்கள் என்றொரு கூட்டமைப்பை உண்டாக்கி, அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு இலக்கிய நகரம் என்ற பட்டத்தை முதன்முதலாக அளித்தது. நமது சென்னை 2017-இல் இசைக்காக அக்கூட்டமைப்பில் சேர்ந்தது. இலக்கியத்திற்காகச் சேர்ந்த முதல் இந்திய நகரம் கேரளத்துக் கோழிக்கோடு. அதற்கு அப்பட்டம் 2023-இல் கிடைத்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 2019-இல், ஈராக்கின் வடபகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் குர்திய நகரமான சுலைமானியா அதே பட்டத்தைப் பெற்றிருந்தது.

தமக்கென்று ஒரு சுதந்திர தேசம் இல்லாத ஜனங்களின் நகரம் அது. பாபான் வம்சத்து இப்ராகிம் பாஷா 1784-இல் அதை நிர்மாணித்தார். அவருடைய சந்ததியாரின் ஆதரவில் நாலி, சாலிம், குர்தி முதலிய கவிஞர்கள் தங்கள் வட்டார மொழியைக் காவிய மொழியாக உயர்த்தினார்கள். பாபான் அரசு வீழ்ந்த காலத்தில் வெளியூரில் இருந்த நாலி, தமஸ்கஸிலிருந்து தம் நண்பர் சாலிமுக்குச் செய்யுளாகவே ஒரு கடிதம் விடுத்து ஊர்நலம் விசாரித்ததும், சாலிம் அதே போலச் செய்யுளில் ஊரின் துயரத்தை எழுதி மறுமொழி அனுப்பியதும் குர்திய இலக்கியத்தில் பிரசித்தமானவை. இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதைதான்: ஷேர்கோ பேகஸ் என்ற பெருங்கவிஞர் 1987-இல் ஸ்வீடனில் தஞ்சம் புகுந்து, ஐந்து ஆண்டுகள் கழித்தே தாயகம் திரும்பினார். சுலைமானியாவின் புகழ் பெரும்பாலும் அதை விட்டுப் போன கவிஞர்களால் பரவியது. போனவர்கள் அதை நினைத்துப் பாடினார்கள், கேட்டவர்கள் அதன் பெயரை அறிந்துகொண்டார்கள்.

திருக்கோவலூரின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் இலக்கியத்தை அந்த ஊரில் பிறந்தவர்கள் பாடவில்லை. வேறெங்கிருந்தோ வந்தவர்கள் பாடினார்கள். வந்தவர்களை எப்படி வரவேற்றது என்பதே அந்த ஊரின் இலக்கிய சரித்திரம்.

கபிலரும் காரியும்

சங்க காலத்தில் பெண்ணையாற்றங்கரை மலையமான் மரபினரின் ஆட்சியில் இருந்தது. அவர்களுள் திருமுடிக்காரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மூவேந்தரோடு ஒப்பிட்டால் அவனுடைய நாடு சிறியது. ஆனால் மூவேந்தரும் தத்தம் போர்களுக்கு அவனுடைய படைத்துணையை நாடினார்கள். அந்த உதவிக்குக் கைம்மாறாகப் பெற்ற செல்வத்தை அவன் இரவலர்க்கு அள்ளிக் கொடுத்தான் என்றும், தனக்கென்று சொல்லிக்கொள்ள மனைவியைத் தவிர வேறொரு உடைமையும் வைத்துக்கொள்ளவில்லை என்றும் கபிலர் பாடுகிறார். பெண்ணையாற்றுப் படுகையில் கிடைத்த, குதிரை உருவம் பொறித்த மலையமான் காசுகள், அந்தச் சிறு நாட்டில் வாணிகமும் செழித்திருந்தது என்பதற்குச் சான்றாக விளங்குகின்றன.

புறநானூற்றில் 121 முதல் 124 வரையுள்ள நான்கு பாட்டுக்கள் கபிலர் காரியைப் பாடியவை. அவற்றுள் முதற்பாட்டு, இலக்கியத்தை ஆதரிக்க விரும்பும் எந்த அரசும், எந்த நிறுவனமும், எக்காலத்தும் நினைவில் வைக்க வேண்டியது. நாற்றிசையிலிருந்தும் பரிசிலர் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்துவிடுவது எளிது, அவரவர் தரத்தை அறிந்துகொள்வதுதான் அரிது. ஆகையால் புலவர்களை எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடு என்று, வாரி வழங்குவதிலே பெயர் பெற்ற ஒரு வள்ளலுக்கே அவர் கூறுகிறார். கொடையைப் புகழ வந்த இடத்தில் ரசனையைக் கற்பிக்கும் துணிவு கபிலருக்கு இருந்தது. அதைப் பொறுத்துக் கேட்கும் பண்பு காரிக்கு இருந்தது.

கபிலர் பாண்டிநாட்டுத் திருவாதவூரில் பிறந்தவர் என்பது பரம்பரைச் செய்தி. அவருடைய உயிர்த்தோழன் பறம்புமலைப் பாரி. மூவேந்தரின் முற்றுகையில் பாரி மாண்ட பிறகு, அவனுடைய மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கபிலர் சென்றார். இருவரும் அப்பெண்களை ஏற்க மறுத்தார்கள். தமிழகத்தின் தலைசிறந்த புலவர், இரண்டு அரண்மனைகளில் இல்லை என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, தந்தையை இழந்த பெண்களோடு ஊர் ஊராக நடந்த அந்த யாத்திரை, கோவலூரில் முடிந்தது. முதலாம் இராசராசன் காலத்தில், திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று, கபிலர் பாரியின் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்தார் என்று கவிதை நடையில் கூறி, அந்தக் கல்லைக் கபிலக்கல் என்று குறிப்பிடுகிறது. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண்; அந்தப் பேரரசியைப் புகழ வந்த சாசனம், பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த ஒரு புலவனை மறவாமல் இடையிலே நினைத்துக்கொண்டது. அரசர்களின் தானங்களைக் கல்லில் வெட்டிய ஊர்கள் எத்தனையோ உண்டு. ஒரு கவியின் மறைவையும் கல்லில் வெட்டி வைத்த ஊர் அரிது. ஆற்றின் நடுவே செங்கல் மாடத்தோடு நிற்கும் பாறையை ஜனங்கள் இன்றும் கபிலர் குன்று என்றே சொல்கிறார்கள்.

வந்த புலவர்களால் மலையமான் குலத்திற்கு ஒருமுறை உயிரே மிஞ்சியது. சோழன் கிள்ளிவளவன், பகைமையின் மிகுதியால், மலையமானின் சின்னஞ்சிறு மக்களை யானைக்காலில் இடுமாறு ஆணையிட்டான். களத்திற்கு வந்த கோவூர்கிழார், நீ புறாவின் துயரைத் துடைத்தவன் வழியில் வந்தவன், இவர்களோ புலவரின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்துண்டவர் வழியில் வந்தவர்கள் என்று எடுத்துச் சொல்லி, யானையை வேடிக்கை பார்த்து அழுகையை மறந்துவிட்ட அக்குழந்தைகளின் பேதைமையைக் காட்டி, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்தார். அது புறநானூற்றின் 46-ஆவது பாட்டு. முன்னோர் புலவர்க்கு இட்ட சோறு, பேரப்பிள்ளைகளின் உயிராகத் திரும்பி வந்தது.

ஜம்பைக் குகை

இதே பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்ற சிற்றூரின் குன்றில் ஒரு குகை இருக்கிறது. 1981-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரின் ஆய்வில், அங்கே ஒரே வரியிலமைந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு வெளிப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அந்தக் குகைப்பள்ளியைத் தானமாக அளித்தான் என்பதே அதன் செய்தி. ஆனால் அவனுடைய பெயருக்கு முன்னால் சதியபுதோ என்ற அடைமொழி இருந்ததுதான் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது.

அசோகச் சக்கரவர்த்தி தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், தம் எல்லைக்கு அப்பாற்பட்டவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் தாம்பிரபரணியையும், யவன அரசன் அந்தியோகனையும் குறிப்பிட்டு, அவர்களுடைய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததாகச் சொல்கிறார். அந்த வரிசையில் சத்தியபுத்திரர் என்றும் ஒரு பெயர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்ஸெப் பிராமி எழுத்தைப் படித்த நாள் தொடங்கி, அந்தச் சத்தியபுத்திரர் யார் என்பதில் நூறாண்டுக்கு மேல் விவாதம் நடந்தது. ஆளுக்கொரு திசையைச் சுட்டிக்காட்டினார்கள். ஜம்பைக் குகையின் ஒற்றை வரி, அதியமான் மரபினரே அவர்கள் என்று காட்டி விவாதத்தை முடித்து வைத்தது. ஔவையார் பாடிய அஞ்சியின் குலம், சிரியா தேசத்து யவன வேந்தனோடு ஒரே சாசனத்தில் இடம் பெற்ற குலம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

தகடூரைத் தலைநகராகக் கொண்ட அதியமானின் கல்வெட்டு மலையமான் நாட்டில் எப்படி வந்தது? அதற்கும் விடை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அதியமான் கோவலூரை வென்றதையும், அந்த வெற்றியைப் பரணர் பாடியதையும் ஔவையார் தம் பாட்டில் குறிப்பிடுகிறார். ஏட்டில் இருந்த செய்தியையும் கல்லில் இருந்த பெயரையும், ஒன்றையொன்று தாங்கும்படி சேர்த்து வைத்த இடம் ஜம்பை. சங்க இலக்கியம் வெறும் கற்பனை என்று ஐயுற்றவர்களுக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டியதில்லை.

இடைகழியில் மூவர்

பக்தி யுகத்திலும் இந்த ஊர் வந்தவர்களால்தான் சிறந்தது. காஞ்சியில் அவதரித்த பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வாரும், மயிலையில் அவதரித்த பேயாழ்வாரும், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஒரு மழை இரவில், திருக்கோவலூரில் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ குருபரம்பரை கூறும் வரலாறு. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போதுமான அந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நான்காமவர் ஒருவர் வந்து நெருக்க, அவர் யாரென்று காண்பதற்காக முதலாமவர் உலகத்தையே அகலாக்கி விளக்கேற்றினார், இரண்டாமவர் அன்பை அகலாக்கி விளக்கேற்றினார், மூன்றாமவர் அந்த ஒளியில் திருமாலைக் கண்டார். இவ்வாறு பிறந்த மூன்று திருவந்தாதிகளும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் மிகப் பழைய பகுதி. பிற்காலத்தில் வேதாந்த தேசிகர் அந்த இடைகழியின் பெருமானைத் தேஹளீச ஸ்துதி என்ற சமஸ்கிருதத் தோத்திரத்தால் பாடினார். தமிழில் விளைந்த ஓர் அனுபவம் வடமொழிக்குள் சென்று புகுந்த விதம் அது.

சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பண்பு இன்னும் தெளிவாகும். இதே மாவட்டத்துத் திருநாவலூரில் பிறந்த சுந்தரரை நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் தம் மகனாக ஏற்று வளர்த்தார். அப்பால் பெண்ணைக்கரைத் திருவெண்ணெய்நல்லூர், பெண்ணாகடத்திலிருந்து வந்த குழந்தையை மெய்கண்டாராக வளர்த்து, சைவ சித்தாந்தத்தின் மூலநூலாகிய சிவஞானபோதத்தைப் பெற்றது. தேரழுந்தூர்க் கம்பரை ஆதரித்துக் காவியம் பாடவைத்த சடையப்ப வள்ளலும் வெண்ணெய்நல்லூரார் என்பதைக் கம்பரே நன்றியோடு பதிந்திருக்கிறார்.

கடல் கடந்த மாணவர்கள்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது; அதில் தலைவியும் தோழியும் அருவியாடிப் பறித்துக் குவிக்கும் மலர்கள் மட்டும் தொண்ணூற்றொன்பது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காக அது பாடப்பட்டது என்று பழங்குறிப்புக் கூறுகிறது. தமிழறியாத ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்க வேண்டும் என்றபோது, இலக்கண விதிகளை அடுக்காமல், ஒரு மலையையும் மழையையும் காதலையும் காட்டினால் போதும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

அந்தப் பிரகத்தனுடைய வரிசையில் பிற்காலத்தில் அநேகர் சேர்ந்தார்கள். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிட்டால், அவர்கள் படிக்க ஏடே கிடைத்திராது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரியார் ஹென்றி ஹாய்சிங்டன், மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கினார்; அது 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை தமிழ் மரபுக்கு இசைந்த மொழிபெயர்ப்பைத் தந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைசூர்க்காரரான ஏ. கே. இராமானுஜன், 1967-இல் குறுந்தொகைப் பாட்டுக்கள் சிலவற்றை ஆங்கிலக் கவிதையாக்கி வெளியிட்டபோது, கபிலரின் குரல் அமெரிக்க வாசகர்களுக்கு நேரே கேட்டது. செக் நாட்டுக் கமில் சுவலபில் தமிழிலக்கிய வரலாற்றை ஐரோப்பியருக்கு எடுத்துரைத்தார். ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் புறநானூறு முழுவதையும் மொழிபெயர்த்து, 1999-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார்கள். காரியும், யானையின் முன் நின்ற அவன் குலத்துக் குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். எருசலேமில் தமிழ் கற்பித்த டேவிட் ஷுல்மன், திருநாவலூர்ச் சுந்தரரின் தேவாரத்தை 1990-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

ஏட்டின் வழியாக அன்றி, நேரே வந்தவர்களும் உண்டு. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டைத் துறந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், கையில் காசு தீர்ந்துபோக, மாம்பழப்பட்டிலிருந்து நடந்து அறையணிநல்லூர்ப் பாறைக்கோயிலை அடைந்தான். அங்கே அவனுக்கு ஒரு பேரொளி தோன்றியது. அன்றிரவு திருக்கோவலூர்க் கீழையூராகிய கீழூரில் தங்கினான். மறுநாள் அவ்வூர்ப் பாகவதர் ஒருவர் வீட்டில் உணவுண்டு, தன் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, திருவண்ணாமலைக்கு ரயிலேறுவதற்கு வேண்டிய பணத்தைப் பெற்றுக்கொண்டான். செப்டம்பர் முதல் தேதி அருணாசலத்தை அடைந்த அந்தப் பையனே, பின்னாளில் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் முதலியோர் தேடிவந்து கண்ட ரமண மகரிஷி.

பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் 1910-இல் பிறந்த ஹென்றி லெ சோ என்ற கிறிஸ்தவத் துறவி, 1948-இல் இந்தியா வந்து, குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தோழர் ஒருவரோடு நிறுவி, அபிஷிக்தானந்தர் என்ற பெயர் பூண்டார். அவர் 1955-இல் திருக்கோவலூர்த் தபோவனத்தில் ஞானானந்தகிரி சுவாமிகளைக் கண்டு, அவரைக் குருவாகவே உணர்ந்தார். அந்த அனுபவத்தை விவரித்து அவர் எழுதிய நூல் 1970-இல் பிரெஞ்சிலும், 1974-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மதங்களுக்கிடையே நடைபெறும் சம்பாஷணையைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அந்நூலைப் படிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் தியாகதுருகத்துக் கோட்டையை விலைபேசியதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே தேசத்தார் ஒருவர் அதே சீமைக்குச் சீடராக வந்தார்.

நாம் செய்யத்தக்கது

இலக்கிய நகரம் என்ற பட்டத்திற்கு யுனெஸ்கோ பார்ப்பது பழம்பெருமையை மாத்திரமன்று. நூல்நிலையங்கள், பதிப்பகங்கள், மொழிபெயர்ப்புகள், இலக்கிய விழாக்கள், பள்ளிகளில் இலக்கியத்திற்கு அளிக்கப்படும் இடம் ஆகிய எல்லாவற்றையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுலைமானியாவும் கோழிக்கோடும் பெரிய நகரங்கள். திருக்கோவலூர் சிறிய ஊர். ஆகையால் பட்டத்திற்கு ஆசைப்படுவதைவிட, பட்டம் எதற்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்தக் காரியங்களைச் செய்வதே நமக்கு உசிதமானது.

அவற்றுள் முதலாவது நம் கைக்கு எட்டுவது. திருக்கோவலூரைப் பற்றிய சங்கப் பாட்டுக்கள், திருவந்தாதிகள், தேவாரம், கல்வெட்டுக்கள் ஆகியவற்றைத் தக்க உரையோடு ஒரே தொகுதியாக்கி, கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சங்கராபுரம், கல்வராயன் மலைப் பள்ளிகள் அனைத்திற்கும் அளிக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டின் மலர்களைத் தம் மலையிலேயே பார்க்கக்கூடிய பிள்ளைகள், அவற்றின் பெயரைப் புத்தகத்தில் மட்டும் மனப்பாடம் செய்வது பரிதாபம். இரண்டாவது, சிகாகோவிலும் பாரிஸிலும் எருசலேமிலும் இந்த ஊரின் இலக்கியத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை ஓரிடத்தில் திரட்டி, மாவட்ட நூலகத்தில் ஒரு தனிப் பகுதியாக வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவைவிட மிகுதியாகாது. மூன்றாவது, பிற மொழிக் கவிதையை நாமும் வரவேற்க வேண்டும். கபிலரைக் குர்தியர் தம் மொழியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம், நாலியையும் ஷேர்கோ பேகஸையும் தமிழில் படிக்க ஆயத்தமாக இருப்பது நியாயம்.

இவற்றைச் செய்யும்போது, கபிலர் காரிக்குச் சொன்ன புத்திமதியை நாம் கைவிடலாகாது. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துப் பொதுவாகப் புகழ்வது எளிது. எது உயர்ந்தது, ஏன் உயர்ந்தது என்று அறிந்து போற்றுவது கடினம். அந்தக் கடினமான வழக்கம் நம் பள்ளிகளிலும் நூல்நிலையங்களிலும் வேரூன்றுமாயின், உலகத்தார் தரும் பட்டம் வந்தாலும் வராவிட்டாலும், வெளியிலிருந்து வருகிற புலவனுக்கு உட்கார இடமும், அவன் சொல்லுவதைக் கேட்டு அறியும் செவியும் இந்தச் சீமையில் குறையாமல் இருக்கும்.